நின்ற வேனுக்கு பிரேக் டெஸ்ட்

திங்கட்கிழமை, இரவு

கோபம் இன்னும் அடங்கவில்லை. காலையில் மகளை ஏற்ற வந்த பள்ளி வேன் டிரைவரிடம், பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று கேட்டேன். சர்டிபிகேட்டை நீட்டினார். சனிக்கிழமை டெஸ்ட் செய்து பாஸாம். சனிக்கிழமை முழுக்க அந்த வேன் டயர் கழற்றிய நிலையில் என் கடை எதிரில்தான் நின்றது.

"இன்னாண்ணா, நின்ன வண்டிய எப்படி டெஸ்ட் பண்ணாங்க?"

"ஆர்டிஓ ஆபீஸ் ஏஜென்டு வாங்கித் தந்தாரும்மா. சீல் இருக்குதே, இன்னா டவுட்டு?"

"மாரிகுப்பம் இறக்கத்துல சீலைக் காட்டினா வண்டி நின்னுடுமா?"

சர்டிபிகேட்டை மடித்துப் பையில் வைத்தார். நான் மகளை ஏற்றவில்லை. மற்ற பிள்ளைகளோடு வேன் போய்விட்டது.

மாலையில் எல்லாப் பெற்றோருக்கும் போன் செய்தேன். "சர்டிபிகேட் இருக்குதேக்கா" என்றே எல்லோரும் சொன்னார்கள்.

நாளைக் காலை அந்த வேனுக்குக் குறுக்கே நிற்கப் போகிறேன்.