குரைக்காத கன்னி நாய்

கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை இரவு.

காளப்பநாயக்கன்பட்டிச் சந்தையில் அடிபட்டுக் கிடந்த கன்னி சாதி வேட்டை நாயை நான் தூக்கி வந்ததிலிருந்து அது குரைத்ததே இல்லை. பயிரில் இறங்கிய காட்டுப்பன்றியை விரட்ட இன்று தகரம் தட்டினேன். நாயோ சத்தத்துக்குப் பயந்து கேழ்வரகுப் பயிருக்குள் ஒளிந்துகொண்டது.

"ஏனுங்க, காவலுக்கு நாயா, நாய்க்குக் காவலா? நாளைக்கே சந்தையில உட்டுருங்க" என்றாள் என் மனைவி.

சந்தையில் விட மனம் கேட்காமல், போகிற இடம் போகட்டும் என்று அதன் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். பனியில் ஒரு முயல் ஓடியது. அதுவரை நடுங்கிய நாய் அதன் பின்னால் சத்தமே இல்லாமல் பறந்தது. கண்ணில் பட்டதைத் துரத்துவதுதான் இந்தச் சாதியின் குணம் என்று அப்போதுதான் புரிந்தது. ஆனால் பனி மூடிக்கொண்டது. இனி வராது என்றே நினைத்தேன்.

களி தின்னும்போது ஈர மூக்கு ஒன்று என் முழங்கையைத் தொட்டது.

"முயலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஊடு தெரிஞ்சு வந்துட்டியே, சாமி!" என்று மனைவியே அதற்குக் களி உருட்டிப் போட்டாள்.

இப்போது என் கம்பளியில் படுத்து, தூக்கத்திலும் ஓடுகிறது. அதன் கால் என் கையில் இடித்து எழுத்து கோணுகிறது. கோணட்டும்.