நாலு மணி வெளிச்சம்

பதுளை
1913 பெப்ரவரி 18

அன்புள்ள ஸைனப் ராத்தாவுக்கு ஸுபைராவின் ஸலாம். நீங்களும் பிள்ளையும் சுகம்தானே?

இன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். “படத்தை நாலு மணிக்கே எடுக்கட்டும்” என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

கண்டியிலிருந்து மாப்பிள்ளை ஹாஷிம், நம் வாப்பாவுக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அவருடைய உம்மா படுத்த படுக்கை. கலியாணத்துக்கு வர முடியாது, மருமகளைப் படத்திலாவது பார்க்க வேண்டும் என்கிறாராம். அதனால் படம் பிடிக்கிற ஒருவரைக் கூட்டிவருகிறார். படத்துக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். நம் நிகாஹோ இரவு, இஷாத் தொழுகைக்குப் பிறகு. ஸ்பிரிங்வெளி, பசறைக் கடைக்காரர்கள் கடையை அடைத்துவிட்டுத்தானே வர முடியும். மறுநாள் எடுக்கலாமென்றால், படக்காரர் அன்றிரவே வண்டி ஏறினால்தான் பண்டாரவளை ஸ்டேஷனில் கோச்சியைப் பிடிக்கலாமாம். ஆகவே நாலு மணிக்கு எங்கள் இருவரையும் வைத்துப் படம், இரவு நிகாஹ் என்று கேட்டிருக்கிறார்.

“நிகாஹுக்கு முந்தி ஒரே படத்தில் ரெண்டு பேருமா? ஊர் என்ன பேசும்?” என்றார் வாப்பா.

“படம் ஊருக்கா? சுகமில்லாத மனுஷிக்கு,” என்றார் உம்மா.

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கோப்பையிலிருந்த தேயிலைத் தூளைப் பார்த்தேன்.

உங்கள் தங்கை
ஸுபைரா

பண்டாரவளை
1913 பெப்ரவரி 22

என் தங்கச்சிக்கு,

பிள்ளை சுகம். பிள்ளை பெற்ற நாற்பது நாள் அதற்குள் முடியாததால் உன் கலியாணத்துக்கு வர விடமாட்டார்கள். அந்தக் கவலையில் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். நன்றாகவே இறங்குகிறது.

நாலு மணி ஏன் வேண்டும் என்று நீ எழுதவில்லை. நான் எழுதட்டுமா? வாப்பா சம்மதம் கேட்க வருமுன் அந்த மனுஷனின் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். அதுதானே? நான் உன் ஜுனைதீன் மச்சானைப் பார்த்தது நிகாஹ் எல்லாம் முடிந்த பிறகு. முதலில் கண்ணில் பட்டது மூக்கு. இன்றுவரை மிச்சம் தெரியவில்லை.

பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை என்று கிதாபில் எனக்கு வாசித்துக் காட்டியவள் நீ. எனக்கு வாசித்ததை வாப்பாவிடம் வாசிக்க என்ன?

ஸைனப்

பதுளை
1913 மார்ச் 6

அன்புள்ள ராத்தா,

வாசிக்கவில்லை. உம்மாவே வழி கண்டுபிடித்துவிட்டார். நடு நாற்காலியில் வாப்பா. ஒரு பக்கம் மாப்பிள்ளை, மறுபக்கம் நான். நடுவில் வாப்பா இருந்தால் யாரும் வாய் திறக்க முடியாதாம். வாப்பாவும் புதுத் தொப்பிக்குச் சொல்லிவிட்டார்.

படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட பிறகுதான் நான் முக்காட்டை விலக்க வேண்டும். அப்போது அவருக்கு ஒன்றும் தெரியாது என்று உம்மா சொல்கிறார். அப்படியானால் எதைப் பார்த்துப் படம் எடுப்பார்? கேட்டால், “நீ வாசித்து வாசித்துத்தான் இப்படி” என்கிறார்.

நான் விரும்பியதே நடக்கிறது. ஆனால் இப்போது வேறு குழப்பம். பார்த்துப் பிடிக்காவிட்டால், நெய்ச்சோற்றுக்கு அடுப்பு மூட்டிய பிறகு வேண்டாம் என்பேனா? பிடித்தால் மட்டும் எதை வைத்துப் பிடித்தது என்பேன்? பார்க்காமலே இருந்தால் நாளைக்கு யாரையாவது குறை சொல்லலாம். பார்த்துவிட்டால் அதுவும் போய்விடும்.

ஸுபைரா

பண்டாரவளை
1913 மார்ச் 11

தங்கச்சி,

துணிக்குள்ளிருந்துதான் நன்றாகத் தெரியுமாம், ஆனால் நீங்கள் மூவரும் தலைகீழாகத் தெரிவீர்களாம். மச்சான் சொன்னார். உம்மாவிடம் சொல்லிவிடாதே, படமே நின்றுபோகும்.

மற்றக் குழப்பமெல்லாம் இருக்கட்டும். பார். பார்த்ததை எனக்கு எழுது.

ஸைனப்

பதுளை
1913 ஏப்ரல் 16

அன்புள்ள ராத்தா,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபிக்க வேண்டாம். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

கலியாணத்தன்று நாலு மணிக்கு நமுனுகுல மலையிலிருந்து மேகம் இறங்கி முற்றம் மங்கிவிட்டது. வெளிச்சம் போதாது, நான் பெட்டிக்கு மூடி போடும்வரை மூச்சுகூட விடாதீர்கள், அதன் கண்ணாடியையே பாருங்கள் என்றார் படக்காரர். முக்காட்டை விலக்கினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வாப்பாவின் தோளும் தொப்பியும்தான். படம் எடுத்ததும் உம்மா என்னை உள்ளே கொண்டுபோய்விடுவார் என்று தெரியும்.

முன்னால் சாய்ந்து, வாப்பாவைத் தாண்டிப் பார்த்தேன்.

சொன்னபடியே இமைக்காமல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குளிரிலும் மேலுதட்டில் வியர்வை. என்னை விடப் பயந்தவர் போலிருந்தார். அவ்வளவுதான் பார்த்தேன், ராத்தா.

மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு வாப்பா வந்து சம்மதம் கேட்டார். நம் வழக்கப்படி பேசாமலிருந்தால் போதும். சரி என்று வாயால் சொன்னேன். அந்த வியர்வைக்காகவா, வாசல் நிறைய ஆட்கள் வந்துவிட்டதற்காகவா, இன்னும் தெரியவில்லை. இஷாவுக்குப் பிறகு நிகாஹ் நடந்தது.

இரண்டு வாரம் கழித்து, மாமிக்கு நோய் கடுமை என்று தந்தி வந்து இவர் தன் உம்மாவைப் பார்க்கக் கண்டிக்குப் போனார். நேற்றுத்தான் திரும்பினார், படத்தின் இன்னொரு பிரதியோடு. அதில் வாப்பா தெளிவாக இருக்கிறார். இவரும் தெளிவு. என் கழுத்துக்கு மேல் வெள்ளையாக ஒரு கலங்கல்.

மாமி தன் பிரதியை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்து, “பிள்ளையின் முகம் எங்கே?” என்று கேட்டாராம்.

“என்னைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்,” என்று இவர் சொன்னாராம்.

நான் திரும்பியதை இவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மாமி அதற்கு என்ன சொன்னார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மாமி வெள்ளிக்கிழமை காலை கண்ணை மூடி மவுத்தானார்.

ஸுபைரா