ஆள்காட்டி கத்தியபோது

பிப்ரவரி 14, சனி

நல்ல பனி. நேற்றுப் போட்ட துணி இன்னும் ஈரம். கும்பப்பூ நெல் பழுத்துச் சாயத் தொடங்கிவிட்டது. அபினை இடுப்பில் வைத்துக்கொண்டு குளக்கரை வரை. காலேஜ் காலத்துப் பைனாகுலர், அதன் ஒரு கண்ணாடியில் பூஞ்சை.

பார்த்தவை: நாமக்கோழிகள், சிறகு விரித்தபடி ஒரு நீர்க்காகம், வாலாட்டி. கம்பியில் தகைவிலான்கள். வடக்கே கிளம்பும் நாள் நெருங்கிவிட்டது.

பிள்ளைக்கு ஒன்றரை வயசு. இன்னும் "அம்மா" இல்லை. காது டாக்டரிடம் காட்டலாமா என்று மாமியிடம் கேட்டேன். "இவன் அப்பனும் மூணு வயசுலதாம்ட்டி வாயத் தொறந்தான். பொறவு மூட வைக்க நான் பட்ட பாடு! வெப்ராளப்படாத."

சிரித்துவிட்டேன். மாமி சொல்வதே சரியாக இருக்கட்டும், கர்த்தாவே.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து கோவிலிலிருந்து வர மதியம். குக்கர் விசிலடித்ததும் அபின் அடுப்படிப் பக்கம் திரும்பினான். மாமிக்கு ஒரே வெற்றி. "பாத்தியா? கேக்காமலா திரும்புதான்?"

நிம்மதி. மஸ்கட்டிலிருந்து போனில் அவர்: "கொக்கையும் குருவியையும் பாத்துட்டு நடக்காம பிள்ளைட்ட பேசு. அவனும் பேசுவான்."

பேசாமலா இருக்கிறேன்? பார்க்கிற பறவைக்கெல்லாம் பேர் சொல்கிறேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

பால் திரிந்துபோனது. வரப்பில் மீன்கொத்தி கத்தியது. நான் திரும்பினேன், அவனும் திரும்பினான். செண்பகம் கூவியது. அதே. சந்தோஷம்.

அப்புறம்தான் உறைத்தது. அவன் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். என் கண் போகிற பக்கம் அவன் தலை போகிறது. அன்றைக்குக் குக்கருக்கும் முதலில் திரும்பியது நானாக இருக்கும்.

இப்படியெல்லாம் நினைக்கக் கூடாது.

பிப்ரவரி 18, புதன்

அசையாமல் நிற்க எனக்குத் தெரியும். காலேஜில் பறவை பார்க்கப் போனால் வகுப்பிலேயே அதில் நான்தான் முதல்.

அபினைக் கரையில் எனக்கு எதிரே உட்கார வைத்தேன். அவனுக்குப் பின்னால் ஒரு நாய் வயலில் இறங்க, ஆள்காட்டிக் குருவிகள் இரண்டு எழும்பி அவன் தலைக்கு மேலேயே கத்தின. புல் அறுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "எளவெடுத்த குருவி, காதத் தொளைக்குது" என்றாள்.

நான் கண்ணைத் தூக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தேன். அவன் என் முகத்தை. சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் பயந்துவிடுவான்.

பிப்ரவரி 20, வெள்ளி

நாகர்கோவில் ஆஸ்பத்திரி. தூங்க வைத்துத் தலையில் வயர் ஒட்டி டெஸ்ட். இரண்டு காதும் கேட்கவில்லை. முதலில் மெஷின், பிறகு ஆபரேஷன் பற்றிப் பார்க்கலாம், பேச்சுப் பயிற்சி. சீக்கிரம் வந்தது நல்லது என்றார் டாக்டர். தலையாட்டினேன்.

பஸ்ஸில் மாமி அபினை மடியிலிருந்து இறக்கவேயில்லை. இறங்கும் நேரம், "அப்ப இத்தன நாளு நான் பாட்டு படிச்சு ஒறக்குனது?"

"நெஞ்சுல சாச்சு வச்சுதானே படிச்சீங்க மாமி. அது அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

தெரிந்திருக்குமா? எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 21, சனி

இன்று எந்தப் பறவையும் பார்க்கவில்லை. அவரிடம் எப்படிச் சொல்ல?

சாயங்காலம் வீடியோ கால். "மக்ளே, அப்பாவப் பாரு!" அபின் திரையைப் பார்த்துக் கை தட்டிச் சிரித்தான். "பாத்தியாட்டி, என் சத்தம் கேட்டாலே சிரிக்கான். இவனயா டாக்டர்ட்ட கொண்டுபோணும்னு நின்ன?"

போனை அவன் முதுகுக்குப் பின்னால் கட்டிலில் கவிழ்த்து வைத்தேன்.

"என்னட்டி, ஒண்ணும் தெரியல, இருட்டாயிட்டு."

"இப்ப கூப்பிடுங்க" என்றேன்.

கூப்பிட்டார். அபின் என் வளையலை உருட்டிக்கொண்டிருந்தான். சத்தமாகக் கூப்பிட்டார். அடுத்த தடவை கூப்பிட்டபோது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.