மீன் சட்டியில் இலந்தை

மெர்சி அப்பாவுக்கு,

காரப்பொடி மீன் குழம்பு புதுச் சட்டியில் இருக்கிறது.

ஜப்பான் கப்பலில் பார்த்த குட்டை மரம் போல வளர்க்கிறேன் என்று எண்ணூர்ப் புதரில் இலந்தையைத் தோண்டி வந்தீர்கள். அதை நட என் மீன் சட்டியில் ஓட்டை போட்டதற்குத்தான் கத்தினேன். செடி இலை கொட்டியதும் "செத்துப்பூட்ச்சு, கடாசுங்க" என்றது கோபத்தில். மூன்று நாளாக நீங்கள் பேசவில்லை.

காலையில் அதை எறியத்தான் தூக்கினேன். எதற்கும் உங்களைப் போலவே நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பச்சை! ஈரச் சாக்கு சுற்றி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிழலில் வைத்திருக்கிறேன்.

நானும் மெர்சியும் திருவொற்றியூரில், அம்மா வீட்டில் இருப்போம். ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டிப்போக வாருங்கள்.

ஃப்ளோரன்ஸ்

புதுச் சட்டியில் ஆணி பட்டால் தெரியும்.

செடியைத் தூக்கி வர வேண்டாம், வேர் அசையும். நீங்கள் வந்தால் போதும்.