தாலி கட்டியதைப் பார்த்தவர்

இன்று காலை பீச் ஸ்திரீட்டில் கப்பல் சாமான் கடை வாசலில் புதுக் கயிறுகளுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை பட்டதும் எனக்குக் கால் நகரவில்லை. துறைமுக வேலை முடிந்து வரும்போது உங்கள் சட்டையில் ஒட்டியிருந்த வாடை. கூட வந்த நம் மகள், "என்னாச்சும்மா, தல சுத்துதா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். உங்களிடம்தான் சொல்ல முடியும்.

உங்கள் கடைசி வாரம் முழுக்க நீங்கள் பாரம் தூக்கும் கயிற்றைப் பற்றியே பேசினீர்கள். சோற்றில் கை வைத்தபடி, "நைஞ்சு நூல் நூலா நிக்குது. வேலை வாங்குற தண்டல்கிட்ட சொன்னா, நாளைக்கு மாத்தலாம்லாங்கறான்" என்றீர்கள். அப்படியானால் வேலைக்குப் போகாதீர்கள் என்றேன். "நான் போகலன்னா வேற ஒருத்தன் அதுக்குக் கீழ நிப்பான்" என்று எழுந்து கை கழுவப் போனீர்கள். அந்தக் கயிறு அறுந்து அரிசி மூட்டைகள் உங்கள் மேல் விழுந்து உயிர் போனபோது நம் மகளுக்கு நடக்கக்கூடத் தெரியாது.

நஷ்டஈடு கேட்டு உங்கள் கம்பெனி மேல் வழக்குப் போட்டேன். கயிறு நைந்திருந்ததை உங்களோடு வேலை செய்தவர்கள் பயப்படாமல் என் வக்கீலிடம் சொன்னார்கள். கம்பெனிக்காரர்களும் அதை அவ்வளவாக மறுக்கவில்லை. அவர்கள் மறுத்தது என்னை. நான் உங்கள் மனைவியே இல்லை, சும்மா சேர்ந்து வாழ்ந்தவள், எனக்கும் பிள்ளைக்கும் கேட்க உரிமையில்லை என்றார்கள். அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்த வழி எனக்கு நினைவில்லை. இவளை நாளைக்கு ஊர் என்ன சொல்லிக் கூப்பிடும் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

"பதிவு ஒன்னும் இல்ல. பார்த்த ஆளு ஒருத்தராவது வேணும்லா, அம்மா" என்றார் வக்கீல்.

யாரைச் சொல்வேன்? சாதி மாறிய கல்யாணம். தண்ணீர்மலை அடிவாரத்துச் சின்னக் கோவிலில் நம்மைத் தவிர இருந்தது பூசாரியும் பூக்காரம்மாவும்தான். பூசாரி சொந்த ஊருக்கே கப்பலேறிவிட்டார். பூக்காரம்மா காய்ச்சலில் போய்விட்டாள். பிறகுதான், படியிறங்கும்போது நீங்கள் காதோரம் சொன்னது ஞாபகம் வந்தது. "அண்ணன் வந்திருந்தாரு. தூணுக்குப் பின்னால நின்னாரு. தாலி கட்டினதும் போயிட்டாரு." நான் திரும்பிப் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை. உண்மையாகவே வந்தாரா, என் மனம் ஆறட்டும் என்று சொன்னீர்களா? அதைக் கேட்கவும் நீங்கள் இல்லை.

பிட் ஸ்திரீட்டில் உங்கள் அண்ணன் வேலை பார்த்த துணிக்கடைக்குப் போனேன். உங்கள் சாவுக்கு வந்து ஓரமாக நின்றுவிட்டு, என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் போனவர். என்னைக் கண்டதும் முகம் இறுகிவிட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"இங்கெல்லாம் வராத. ஆளுங்க இருக்காங்க" என்றார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வக்கீல் அவருக்கு அழைப்பாணை அனுப்பினார். வந்து, ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால்? வழக்கு நாள் வரும்வரை அந்த ஒரு கேள்விதான் என்னோடு உண்டது, என்னோடு உறங்கியது.

கோர்ட்டில் அவர் கூண்டில் ஏறி நின்றார். என் பக்கம் பார்க்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் என்னைக் காட்டி, "இந்தப் பெண் உமக்கு என்ன உறவு?" என்று கேட்டார். அவர் தொண்டையைச் செருமினார். மேல்துண்டைச் சரிசெய்தார். என் மடியில் பிள்ளை சிணுங்கியது. அதன் வாயைப் பொத்தினேன்.

"என் தம்பி பொஞ்சாதி. தாலி கட்டுனத நான் கண்ணால பார்த்தேன்."

கம்பெனி வக்கீல் எழுந்தார். அப்படியானால் இத்தனை காலம் அவர்கள் வீட்டுப் படியை ஏன் மிதிக்கவில்லை என்று கேட்டார்.

"எனக்குப் புடிக்கல. எனக்குப் புடிக்கலன்னா, நடந்தது நடக்கலன்னு ஆயிடுமா?"

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் நீதிபதி துரை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தது. கயிற்றை மாற்றாமல் விட்டது கம்பெனியின் குற்றம், நான் உங்கள் மனைவி, இவள் உங்கள் பிள்ளை என்று எழுதினார்கள். அந்தப் பணத்தில்தான் இவள் படித்தாள்.

அன்று வெளியே ஓடிப்போய் அவர் எதிரில் நின்றேன். கும்பிட மட்டும்தான் முடிந்தது. அவர் பிள்ளையைப் பார்த்தார்.

"பேரு என்ன?"

சொன்னேன். உங்கள் அம்மாவின் பெயர். அவர் திரும்பி நடந்தார். கொஞ்ச தூரம் போய் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அதன் பிறகும் அவர் நம் வீட்டுக்கு வந்ததில்லை.

ஜெயித்தாயிற்று, பயம் மட்டும் போகவில்லை. எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அரிசி வாங்கினாலும், கோவிலில் விளக்கு ஏற்றினாலும், மகளுக்குத் தலை வாரிவிட்டாலும், இதைப் பார்த்தவர் யாராவது இருக்கிறார்களா என்று என் கண் தேடுகிறது. நாம் சேர்ந்து வாழ்ந்ததில் முக்கால்வாசி யாரும் பார்க்காதது. அதற்கெல்லாம் இப்போது நான் ஒருத்திதான் சாட்சி.