அரை அங்குலம் சாய்ந்த நிலை

ஜனவரி 6, திங்கள்

விடியும் முன்பே மழை. குடையோடு பள்ளிக்குப் போய் நனைந்தே வந்தேன். வாவிப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

முன்கதவு (இனி மு.க.) இன்றும் பூட்டுப்படவில்லை. மேல் மூலை வாசல்நிலையில் முட்டுகிறது. திறாங்கு (தாழ்ப்பாள்) தன் ஓட்டைக்கு ஒரு விரல் தள்ளிப் போய் நிற்கிறது. அம்மா தோளால் தள்ளினார், நான் முதுகால் தள்ளினேன். கடைசியில் வழக்கம்போல நெல்மூட்டையை அணையாக வைத்தோம். மூட்டை காற்றுக்குப் போதும், கள்ளனுக்குப் போதாது. ஆகவே நாங்கள் இருவரும் ஒன்றாக வெளியே போக முடியாது. மழை கூடிய இந்த மூன்று வாரமாகச் சனிக்கிழமை நூலகமும் இல்லை.

அப்பா கட்டார் நாட்டில் உழைத்து அனுப்பிய காசில் கட்டிய வீடு. கட்டித் தந்த மேசன் சூசை பாஸ், வாவிக்கு அந்தப் பக்கத்து ஆள். சாவி தந்த நாளில் ஒரு கடிதமும் தந்தார்: ஒரு வருடத்துக்குள் கட்டட வேலையில் வரும் பழுதை அவரே திருத்தித் தருவார். அந்த ஒரு வருடம் இந்த மாதம் 31இல் முடிகிறது. கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு ஒரு பட்டியல் போட்டேன்:

1. குசினித் தரை ரைல்ஸ், மூன்று. தட்டினால் உள்ளே வெறுமை.
2. குளியலறைத் தண்ணீர் குழிக்குப் போகாமல் வாசலுக்கு வருகிறது.
3. கூரைப் பீலி சரியாகப் படிக்கட்டின் மேல் ஒழுகுகிறது.
4. என் அறை யன்னல். காற்றடித்தால் விசில்.
5. மு.க.

அம்மா வாசித்தார். ஐந்தாவதில் விரலை வைத்து, "அதை விடு" என்றார்.

"ஏன் அம்மா?"

"மழைக்கு மரம் ஊதும். வெயில் வந்தாச் சரியாகும்."

போன வெயிலில் சரியாகவில்லை. ஐந்தாவதை அழிக்காமலே வைத்தேன்.

ஜனவரி 8, புதன்

நான் பள்ளிவிட்டு வரும்போது பாஸ் வந்துவிட்டிருந்தார். தலைக்கவசத்துக்குள் ஒரு பொலித்தீன் பை. "மூளை நனையப்படாது மகள், இருக்கிறதே கொஞ்சம்" என்றார்.

பட்டியலைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடி போட்டு மெதுவாக வாசித்தார்.

"நல்ல எழுத்து. பீலியை நான் மூண்டாவதாப் போடமாட்டன், முதலாவதாப் போடுவன். படியில வழுக்கினா உயிர் போகும்."

அந்த ஒழுங்கு எனக்குத் தோன்றவில்லை. இலக்கத்தை மாற்றினேன்.

மாலைக்குள் பீலி, ரைல்ஸ், யன்னல் முடிந்தன. குளியலறைத் தரை பாதி. கடைசியாக மு.க.வைக் கழற்றிச் சீவுளி போட்டார். இது நாலாம் தரம். சீவல் சுருள் சுருளாக விழுந்தது. ஒன்றை எடுத்துப் புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்தேன்.

அப்போதுதான் பக்கத்து வளவுப் பூமணி மாமி வந்தார். மகளின் கலியாணத்துக்கு முன் அவளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், அதனால் எங்கே வீட்டு வேலை நடந்தாலும் பார்க்க வருவார்.

"என்ன பாஸ், சீவிச் சீவிக் கதவ யன்னலாக்கப் போறீங்களோ?"

பாஸ் சிரித்தார். "மழைக்காலம் தங்கச்சி." அவ்வளவுதான்.

மாமி குசினிக்கு வந்து அம்மாவிடம் குரலைத் தாழ்த்தினார். மாமி தாழ்த்தும் குரல் சந்திவரை கேட்கும். "என்ட புள்ளட வீட்டையும் இவர்ட்டத்தான் குடுக்க இருந்தன். இந்தக் கதவப் பார்த்தா ஆருகா குடுப்பா?"

வெளியே சீவுளி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தொடர்ந்தது. அம்மா ஏற்கெனவே கலக்கிய தேநீரைத் திரும்பவும் கலக்கிக்கொண்டிருந்தார்.

ஜனவரி 11, சனி

மழை விட்டது. மு.க. இன்னும் பூட்டவில்லை. பரிசோதனை.

தேவை: தையல் நூல், நகவெட்டி, அடிமட்டம். நூலின் நுனியில் நகவெட்டியைக் கட்டி, நிலையின் உச்சியில் இருந்து தொங்கவிட்டேன். காற்று நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன் (என் மூச்சு காற்றோடு சேராது என்றாலும்).

முடிவு: நிலையின் தலை இடப்பக்கம் அரை அங்குலம் சாய்ந்திருக்கிறது. மூன்று தரம் அளந்தேன், மூன்றும் ஒன்று. கதவில் பிழையே இல்லை. நாலு தரம் சீவுளி பட்டது குற்றமில்லாத ஆள்மேல்.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"நூலைக் கழட்டு மகள்."

"அம்மா, நிலைதான்..."

"கழட்டு எண்டு சொன்னனே."

மத்தியானம் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. மீனை மட்டும் எனக்கு முள்ளெடுத்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அம்மாவுக்குப் பாஸின் மேல் கோபம் என்று முடிவு செய்தேன். எனக்கும் கோபம். நிலை சாய்ந்தது தெரியாத பாஸா?

ஜனவரி 12, ஞாயிறு

காலையில் பாஸுக்கு ஒரு கடிதம் எழுதினேன். "மதிப்புக்குரிய ஐயா, எமது வீட்டின் வாசல்நிலை அரை அங்குலம் சாய்வாக வைக்கப்பட்டுள்ளதைத் தாங்கள் அறிந்தும் மறைத்தீர்களா, அறியாமலே விட்டீர்களா..." என்று போனது. அந்த வசனத்தில் எனக்குப் பெருமை வேறு.

அம்மா மேசையில் கண்டு வாசித்தார். கிழிக்கவில்லை. கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"அறிஞ்சவர்தான். மறைச்சதும் அவர்தான். ஆனா எனக்காக."

அம்மா சொன்னதை மறக்குமுன் எழுதி வைக்கிறேன்.

சாவி தருவதற்கு முந்தின ஆவணியில் நிலை வைத்த நாள். அப்பா லீவில் வந்து நின்றார், விமானம் ஏற அன்று மாலை கொழும்புக்குப் போக வேண்டும். ஐயர் வரப் பிந்திவிட்டது. நிலையைத் தூக்கியபோது சுபநேரம் முடிய நாலு நிமிடம். மாவிலை, மஞ்சள் துணி எல்லாம் கட்டி அப்பா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பாஸ் நூலில் தொங்கும் தூக்குக்குண்டை விட்டுப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்க, இன்னும் நேராக வரயில்ல" என்றாராம். நேரம் போகுது, நேரம் போகுது என்று எல்லாரும் சொல்ல, அடியில் சீமெந்தைப் போட்டு முட்டுக் கொடுத்து விட்டார்கள். பூசை முடிந்த பிறகு அசைத்து நேராக்கலாம் என்பது பாஸின் எண்ணம்.

"அப்பா போன அடுத்த நாள் பாஸ் வந்தவர். நான் வாசல்ல நிண்டுகொண்டன். அவர் வெச்சது வெச்சபடி இருக்கட்டும் எண்டன். மூண்டு நாள் வந்து கேட்டவர், மகள். மூண்டு நாளும் ஒண்ணா, தொட வேணாம் எண்டன். பிறகு ஒண்டும் பறையாம சுவரக் கட்டிட்டார்."

"ஏன் அம்மா விடயில்ல?"

அம்மா கடிதத்தின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தார்.

"இந்த வீட்டில மத்ததெல்லாம் அப்பா அனுப்பினது. அது மட்டும்தான் அப்பா வெச்சது."

அம்மாவின் கையில் இருந்த கடிதத்தை வாங்கி நானே கிழித்தேன்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு கேட்டேன்: "மாமிட்டச் சொல்லுவமா?"

அம்மா அரிசி கழுவப் போய்விட்டார்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

தை பிறந்தது. வெயில். வாசலில் பொங்கினோம். மு.க. ஆடாமல் இருக்கக் கயிற்றால் யன்னல் கம்பியோடு கட்டி வைத்தோம், ஆடு போல.

பொங்கல் மாற்ற மாமி வந்தார். நாளைக்கு வேறொரு மேசனைக் கூட்டி வரப் போவதாகச் சொன்னார். "சூசை பாஸ் நல்ல மனிசன்தான். ஆனா நல்ல மனிசன் கட்டினா கதவு பூட்டுமா?"

அம்மா கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தார்.

"அக்கா, அது பாஸ்ர பிழையில்ல. நிலை சரிஞ்சது அவருக்குத் தெரியும். நேராக்க வந்தவர். நான்தான் தொட விடயில்ல."

"ஏன்கா?"

"இவர் புடிச்சு வெச்ச நிலை."

மாமி பகிடி விடுவார் என்று பயந்தேன். மாமி விடவில்லை. அம்மாவின் பக்கத்தில் குந்தி, பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப அந்தாள் இத்தன நாளும் நம்மட வாயில விழுந்தும் சும்மா இருந்திருக்கார்" என்றார். நம்மட வாய் என்றார், என்ட வாய் என்று சொல்லவில்லை. பரவாயில்லை.

பின்னேரம் அப்பாவின் வீடியோ அழைப்பு. நான்தான் போனைப் பிடித்தேன். அம்மா மூன்று விதமாகத் தொடங்கினார், மூன்றும் நடுவில் நின்றன. நான் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டேன்: "அப்பா, நீங்க வெச்ச நிலை அரை அங்குலம் சாய்வு, கழட்டி வெக்கலாமா?"

அப்பா சிரித்தார். "அரை அங்குலமா? எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"அந்தப் பக்கந்தான் உங்கட அம்மா பூசைத் தட்டோட நிண்டவ. நான் பார்த்துக்கொண்டே நிண்டிட்டன் போல."

"புள்ளைக்கு முன்னால என்ன கதை இது" என்று அம்மா போனைப் பறிக்க வந்தார்.

அப்பா சிரிப்பை விட்டு, "கழட்டச் சொல்லுங்க. நீங்க ரெண்டு பேரும் அங்க பூட்டாத கதவோட இரிக்கிறீங்க எண்டு தெரிஞ்சா எனக்கு இஞ்ச வேலை ஓடுமா? ஏன் இவ்வளவு நாளும் சொல்லயில்ல?" என்றார்.

அம்மா முந்தானையால் போனின் கண்ணாடியைத் துடைத்தார். அதில் ஒன்றும் இல்லை.

ஜனவரி 16, வியாழன்

பாஸ் குளியலறையை முடிக்க வந்தார். தண்ணீர் இப்போது குழிக்குப் போகிறது (இரண்டு வாளி ஊற்றிப் பார்த்தேன்).

அம்மா சொன்னார்: "பாஸ், நிலையக் கழட்டி நேரா வெச்சுத் தாங்க."

பாஸ் சீமெந்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்து, நிமிர்ந்து, "உண்மையாவா தங்கச்சி?" என்றார்.

"ஓம்."

நான் நியாயம் பேச வேண்டியதாயிற்று. "பாஸ், இது உங்கட பிழையில்ல. கடிதத்தில வராது."

"கடிதத்துக்கு முந்தியே அது என்ட தலையில கிடக்கு, மகள். கேட்டிட்டு விட்டது நான்தானே. நாலாந்தரமும் கேட்டிருக்கோணும்."

ஐயர் 24ஆம் திகதி, 10.05 முதல் 10.30 வரை என்று நேரம் சொன்னார்.

ஜனவரி 23, வியாழன்

நிலையின் இரு பக்கமும் ஒரு கல் அகலத்துக்குச் சுவரை உடைத்தார்கள். வீட்டுக்குள் மாவு போலத் தூசி. என் புத்தகங்களைப் போர்வையால் மூடினேன்.

அடிக்கட்டை அசைந்ததும் பாஸ் வேலையை நிறுத்தினார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். "தங்கச்சி, உள்ளுக்குப் பூசைச் சாமான் இரிக்கு. நான் தொடயில்ல, நீங்க எடுங்க." அவர் வேதக்காரர், கிறிஸ்தவர். அம்மா குனிந்து மஞ்சள் துணி முடிச்சை எடுக்கும்வரை தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

பிறகு நிலையை வெளியே தூக்கினார்கள். வீட்டுக்கு முன்பக்கமே இல்லாமல் போய்விட்டது. நேராக வாவி தெரிந்தது. அம்மா அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, கீரை ஆய்ந்துகொண்டே காவல் இருந்தார். கழற்றிய நிலை சுவரில் சாய்ந்து கிடந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை, நான் பார்க்காத நேரங்களைத் தவிர.

ஜனவரி 24, வெள்ளி

பள்ளிக்குப் போகவில்லை. லீவுக் கடிதத்தில் காய்ச்சல் என்று எழுத அம்மா சம்மதிக்கவில்லை. "வீட்டு நிலை வைப்பதால்" என்று உண்மையையே எழுதித் தந்தார்.

10.05. இந்தத் தரம் ஐயர் முந்தியே வந்துவிட்டார். நிலையை நிறுத்தி, அம்மா இரண்டு கையாலும் பிடித்தார். மாமி போனை உயர்த்திப் பிடித்தார். அதற்குள் அப்பா, தலையில் மஞ்சள் தொப்பி, வேலைத் தளத்தில் நின்றபடி.

பாஸ் தூக்குக்குண்டை விட்டார். வாவிக் காற்று. குண்டு ஆடியது. பாஸ் முட்டுக்கட்டையைத் தட்டினார், பார்த்தார், திரும்பத் தட்டினார். ஆடிக்கொண்டே இருந்தது.

10.22. ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

10.27. "அம்மா, நேரம்..." என்றார் ஐயர்.

மாமி, "பாஸ், போட்டிடுங்களன்" என்றார்.

பாஸ் அம்மாவைப் பார்த்தார். கரண்டி நிறையச் சீமெந்து. எல்லாரும் அம்மாவைத்தான் பார்த்தோம், போனுக்குள் அப்பாவும்.

அம்மா நிலையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"நேரம் போனாப் போகட்டும், ஐயா. குண்டு நிக்கட்டும்."

10.30 போனது. மாமி தன் சேலைத் தலைப்பை விரித்துக் காற்றை மறைத்து நின்றார். நானும் மறுபக்கத்தில் பாயைப் பிடித்தேன். குண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டம் குறைந்து நின்றது. பாஸ் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மற்றக் கண்ணையும் மூடி ஒரு கணம் அப்படியே இருந்தார். பிறகு சீமெந்தைப் போட்டார்.

10.34.

ஜனவரி 29, புதன்

ஐந்து நாள் வாசலில் தொங்கிய படங்குத் துணிதான் கதவு. இன்று மு.க.வை மாட்டினார். நாலு தரம் சீவியதால் கதவு சிறுத்துப் போயிருந்தது. மேல் விளிம்பில் புது மரப்பட்டி ஒட்டினார். பழைய மரம் கருமை, பட்டி வெளிர் மஞ்சள். "ரெண்டு மழை கண்டா நிறம் ஒண்டாகும்" என்றார். ஆகாவிட்டாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒற்றை விரலால் தள்ளினேன். பூட்டியது. திறாங்கு ஓட்டைக்குள் தானாகவே போனது போல இருந்தது.

பாஸின் கடிதத்தின் கீழே "எல்லாம் திருத்திப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி அம்மா கையெழுத்துப் போட்டார். மாமி வேலியருகில் அளவு நாடாவோடு காத்து நின்றார். "பாஸ், ஒருக்கா என்ட வளவுக்கு வாங்க. ஆனா என்ட நிலைக்கு நேரம் பார்க்கிறது நீங்கதான், ஐயர் இல்ல." இருவரும் வேலியைக் கடந்து போனார்கள்.

பின்னேரம் அப்பா அழைப்பு எடுத்தார். படம் வரவில்லை, குரல் மட்டும். பின்னால் இயந்திர இரைச்சல்.

"பூட்டுற சத்தத்தக் காட்டுங்க பாப்பம்."

அம்மா கதவைப் பூட்டினார். நான் போனைத் திறாங்குக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"கேக்கயில்ல. மறுகா ஒருக்கா."

அம்மா திறந்து, பூட்டினார்.

"இப்ப?"

"இல்ல. மறுகா."

நாலாம் தரம், முதல் தரமே அப்பாவுக்குக் கேட்டுவிட்டது என்று அம்மாவுக்கு விளங்கிவிட்டது. சிரித்தார். ஆனாலும் பூட்டினார்.