பட்டிப்பொலக் குளிரும் உன் பெயரும்

என் அன்பு மச்சான் சுதனுக்கு,

முதலில் வீட்டுச் சேதி. புஷ்பா மறுபடியும் படிப்பிக்கப் போகிறாள். உன் மகளுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டன. அந்த ஓட்டை வாயோடு உன்னைப் போலவே “என்ன கோதாரி” என்கிறாள். இந்த மலைநாட்டு வட்டவளையில் யாழ்ப்பாணத் தமிழில் திட்டும் ஒரே பிள்ளை அவள்தான். நான் திருத்துவதில்லை.

மழை விடவில்லை. நீ என் தங்கை புஷ்பாவைப் பெண் கேட்டு வந்ததும் இப்படி ஒரு மழையில்தான். தனியாக வந்தாய். உன் வீட்டில் யாரும் வரவில்லை, பிறகும் வரவில்லை. அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்து, “யாழ்ப்பாணத்து வாத்தியாரு தோட்டத்துக்கு மாப்பிள்ளையா வர்றாராக்கும்? கம்பஸ்ல ஒன்னோட படிச்சவருன்னாலும் நல்லா விசாரிச்சியாடா?” என்றாள். நீ வெளியே நனைந்த தலையோடு உட்கார்ந்து, கேட்காதவன் போல் சிரித்துக்கொண்டிருந்தாய்.

இப்போது எழுத வந்த விஷயம்.

அறிக்கை தயாராகிவிட்டது, கையெழுத்துகள்தான் பாக்கி. தேசிய குவாண்டம் கணினி ஆய்வு மையத்தை எங்கே, எப்படி அமைப்பது என்று அரசாங்கத்துக்குச் சொல்ல வந்த நிபுணர் குழுவின் அறிக்கை. முதல் பக்கத்தில் கறுப்புக் கோட்டுக்குள் உன் பெயர். மறைந்த எமது சக உறுப்பினருக்கு, அவரது வழிகாட்டலில் உருவான இப்பரிந்துரைகள் சமர்ப்பணம்.

பக்கத்தைத் திருப்பினால் முதல் பரிந்துரை. மையத்தைப் பட்டிப்பொலவில் அமைக்கலாம். குழு ஏகமனதாக.

நீ சிரித்திருப்பாய். பிறகு சிரிப்பு நின்றிருக்கும்.

பட்டிப்பொலவுக்கு நாம் போன நாள் நினைவிருக்கிறதா? போர்நிறுத்தக் காலம். நாட்டில் எல்லோரிடமும் ஒரு பெரிய திட்டம் இருந்தது. நீங்கள் நான்கு நிபுணர்கள். உங்களுக்குப் பின்னால் குறிப்பெடுக்க நான். நாட்டிலேயே உயரமான அந்த ஸ்டேஷனில் இறங்கியதும் அமைச்சின் அதிகாரி இரண்டு கைகளையும் விரித்தார். “மெஷினுக்குக் குளிர் வேண்டும் என்கிறீர்களே. இதைவிடக் குளிரான இடம் இந்த நாட்டில் இருக்கிறதா?” சிங்களத்தில், உண்மையான பெருமையோடு.

நீ மஃப்ளருக்குள்ளிருந்து என் காதில் சொன்னாய். “மச்சான், அதுக்கு வேண்டிய குளிர் விண்வெளியிலையும் இல்லை. உங்கட பட்டிப்பொல அந்த மெஷினுக்கு அடுப்படி.” பிறகு அவருக்குச் சிங்களத்தில், மரியாதையாக விளக்கினாய். அந்தக் குளிரை இயந்திரத்துக்குள்ளேயேதான் உண்டாக்க வேண்டும், வெளியே கொழும்பானாலும் ஒன்றுதான் என்றாய். அவர் தலையாட்டினார். ஆனால் அமைச்சுக்கு அந்தக் குளிர் பிடித்துவிட்டது. மூடிக் கிடந்த தேயிலை ஃபெக்டரி ஒன்றும் தயாராக இருந்தது.

ஃபெக்டரியை ஒட்டி ஒரு லயம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். ஆட்கள் இருக்கும் லயம். கொடியில் துணி. ஓர் அம்மா தேநீர் கொண்டுவந்தார்.

“என்னாங்க ஐயா கட்டப் போறீங்க?”

“கம்ப்யூட்டர் அக்கா. பெரிய பெரிய கணக்கெல்லாம் செய்யும்” என்றேன்.

“கரண்டு வேணுமில்ல அதுக்கு? அப்ப எங்களுக்கும் சேத்து இழுத்து விடுங்க. பொழுது சாஞ்சா இங்க குப்பி வெளக்குதான்.”

எல்லோரும் சிரித்தோம். அதிகாரி வரைபடத்தை விரித்து, லயம் இருக்குமிடத்தில் வாகனத் தரிப்பிடம் வரும் என்று மற்றவர்களுக்குக் காட்டினார். சிங்களத்தில்தான் சொன்னார். அந்த அம்மாவுக்குச் சிங்களம் தெரியும்.

“எங்கள எங்க அனுப்புவாங்கன்னு கேட்டுச் சொல்லுங்கய்யா.”

நீ கேட்டாய். இன்னும் முடிவாகவில்லை என்றார் அதிகாரி. நீ அதைத் தமிழில் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை.

திரும்பும் ரயிலில் உன் பேச்சு. “நான் கையெழுத்துப் போடமாட்டன்.”

“அப்ப மையமே வராது மச்சான்.”

“எனக்கும் வேணும். ஆனா முதல்ல படிக்கிற கொஞ்சப் பொடியளும் ஒரு கரும்பலகையும் போதும். இருக்கிற ஆக்களை எழுப்பிப்போட்டு மெஷினைக் கொண்டுவந்து வைக்கேலாது.”

அடுத்த கூட்டத்தில் இதையே சொன்னாய். எழுத்தில் தருகிறேன் என்றாய். அதற்குள் விரிவுரை மண்டப வாசலில் உன் இதயம் நின்றுவிட்டது.

நம் துறைக்காரர்கள் மரணத்தைப் பற்றி எழுதினால் குவாண்டம் பாடத்தில் பெட்டிக்குள் அடைத்த அந்தப் பூனையைக் கொண்டுவந்துவிடுவார்கள், திறந்து பார்க்கும்வரை உயிரோடும் இல்லாமலும். உனக்கு அது பிடிக்காது. எனக்கும் இப்போது பிடிக்கவில்லை. நீ இல்லை. அவ்வளவுதான்.

குழுத் தலைவர் கெட்டவர் அல்ல. உன் சாவு வீட்டில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சேற்றில் நின்றவர். அறிக்கையைப் பார்த்ததும் அவரை அழைத்தேன். “அவர் எதிர்த்த பரிந்துரைக்கு அவர் பெயரா?” என்று கேட்டேன். அவர் சொன்னார்: “பெயரை எடுப்பது எனக்குக் கஷ்டம். ஆனால் எடுக்கலாம். அவர் எழுதித் தராத எதிர்ப்பை மட்டும் சேர்க்க முடியாது.” உன் இடத்துக்கு என்னை நியமித்திருப்பதையும் சொன்னார். நான்காவது கையெழுத்து என்னுடையது. மையம் வந்தால் அதில் எனக்கு ஓர் ஆய்வாளர் பதவியும் உண்டு.

உன்னிடம் மறைப்பானேன்? எனக்கு அந்த மையம் வேண்டும். நாம் படித்ததைச் செய்ய இந்த நாட்டில் வேறு எந்த இடம்?

ஆனால் அவர் எனக்கு முன்பே புஷ்பாவிடம் பேசியிருந்தார். நான் போனபோது உன் படத்துக்குக் கீழே இடம் ஒதுக்கி, அறிக்கை வைக்க ஒரு சின்னப் பலகையும் அடித்திருந்தாள்.

“அண்ணே, மொதப் பக்கமாம். கறுப்புக் கோடு போட்டாம்.”

“அடுத்த பக்கத்துல என்னா இருக்குன்னு சொன்னாரா?”

சொல்லவில்லை. நான் சொன்னேன். பெயரை எடுக்கச் சொல்லலாம் என்றேன். அவள் பிள்ளையின் வெள்ளைச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை உதறினாள். மறுபடி மடித்தாள்.

“அவுங்க வீட்டுல அவரு பேர எடுத்துட்டாங்க. அங்க நடக்குற கல்யாணப் பத்திரிகையிலயும் இல்ல, அந்த வீட்டுச் சாவு நோட்டீசுலயும் இல்ல. இப்ப நீங்களும் எடுக்கச் சொல்றீங்களாண்ணே?”

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? எதையாவது சொல்லி முதலில் அவளைச் சிரிக்கவைத்திருப்பாய். எனக்கு அது வராது.

அவளே பேசினாள். “பட்டிப்பொல போய்ட்டு வந்த அன்னைக்கு அவரு சாப்பிடல. ‘நாங்கள் அந்த லயத்திலை இருந்தா எங்கை போவம்?’னு கேட்டாரு. நாங்கள்னு சொன்னாருண்ணே. லயத்துல பொறந்தவ நானு. ஆனா அவரு அப்புடித்தான் சொன்னாரு.”

சட்டையை மடித்து முடித்து மேசையில் வைத்தாள்.

“எடுக்கச் சொல்லுங்க. எடுத்தப்பறம் அந்தப் பக்கத்த எனக்குக் கொண்டாந்து குடுங்க. பேரு இல்லாததையே குடுங்க. புள்ளைக்கு வெவரம் தெரியிறப்ப நான் காட்டிக்கிறேன், ஒங்கப்பா எதுல சேரலன்னு.”

எடுத்துவிட்டார்கள், சுதன். பக்கம் வந்துவிட்டது. கறுப்புக் கோடும் இல்லை. வெறும் தலைப்பு. அவளிடம் கொடுத்தேன். அந்தப் பலகையில்தான் வைத்தாள்.

நாளை நுவரெலியாவில் கடைசிக் கூட்டம். உன் நாற்காலியில் நான். அறிக்கையில் கையெழுத்துப் போடப் போவதில்லை; ஒரு தனி அபிப்பிராயம் எழுதி வைத்திருக்கிறேன், ஒரே பக்கம். பட்டிப்பொலக் குளிரால் அந்த இயந்திரத்துக்குப் பயனில்லை என்பது ஒன்று. அந்த லயத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது மற்றது. உன் பெயரை அதிலும் போடவில்லை. நீ எழுதாததில் உன் பெயரைப் போட அவர்களுக்கு உரிமையில்லை என்றால் எனக்கும் இல்லை. என் பெயர்தான் இருக்கிறது, முழுதாக, அப்பா பெயரோடு.

இது போதுமா என்று தெரியவில்லை. மூன்று கையெழுத்தோடு அவர்கள் நடத்திக்கொள்ளலாம். மையத்துக்கு எனக்குப் பதிலாக இன்னொருவரைத் தேடலாம். அந்தப் பதவி போய்விடும். மையமே வராமலும் போகலாம், அப்போது நானும் கொஞ்சம் அழுவேன்.

ஆனால் ஏகமனதாக என்ற சொல் அந்த அறிக்கையில் இருக்காது. அதற்கு நான் பொறுப்பு.

இப்படிக்கு,
உன் பெண்சாதிக்கு அண்ணன், உன் பிள்ளைக்குத் தாய்மாமன்,
சிவா